மூடிய கப் ஹெட்போனுக்குள் பஞ்சு வைத்தால் பேஸ் கூடுமா?

விவாத இழையைத் தொடங்கிய வாசகர் — 4 பிப்ரவரி 2023, மாலை 6.15

நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தும் மூடிய வகை ஹெட்போனைப் போன வாரம் திறந்து, இரண்டு கப்புகளுக்குள்ளும் தலையணைப் பஞ்சு அடைத்தேன். பேஸ் (தாழ்ந்த ஒலி) நன்றாகக் கூடிவிட்டது, குரலும் தெளிந்துவிட்டது. ஐம்பது ரூபாய்ச் செலவில் ஹெட்போன் வேறொன்றாக மாறிவிட்டது. இன்னும் அதிகமாக அடைத்தால் பேஸ் இன்னும் கூடுமா? வேறு யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பதில் எழுதுபவர் (இனி வரும் பதிவுகளும் இவருடையவையே) — 4 பிப்ரவரி 2023, இரவு 9.40

செய்து பார்த்திருக்கிறேன், ஒரு முறை அல்ல. என்னிடம் இருப்பது 40 மி.மீ. டிரைவர் (ஒலியை எழுப்பும் பகுதி) கொண்ட, 64 ஓம் ஸ்டூடியோ வகை ஹெட்போன். தயாரிப்பாளரின் பெயர் இங்கே தேவையில்லை. நான் சொல்லப்போவது பெரும்பாலான மூடிய ஹெட்போன்களுக்குப் பொருந்தும். 2020 ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்திருந்த நாட்களில் முதன்முதலாக அதைத் திறந்தேன். அன்றிலிருந்து இரண்டு கப்புகளையும் முப்பது தடவையாவது திறந்து மூடியிருப்பேன்.

டிரைவரின் சவ்வு முன்னால் தள்ளும் ஒலி காதுக்குப் போகிறது. ஏறக்குறைய அதே அளவு ஒலி பின்னாலும் போகிறது. திறந்த வகையில் பின்னால் போவது அறைக்குள் கலைந்துவிடும். மூடிய வகையில் அது கப்பின் சுவரில் மோதித் திரும்பிவந்து, மெல்லிய சவ்வைத் தாண்டி, சற்றே தாமதமாகக் காதில் விழுகிறது. சில மூடிய ஹெட்போன்களில் பாடகர் தகர டப்பாவுக்குள் நின்று பாடுவதைப் போல் கேட்பதற்கு இது முக்கியமான காரணம். அப்படித் திரும்பிவரும் ஒலியைத்தான் பஞ்சு விழுங்குகிறது.

பேஸுக்கு வேறு கணக்கு. கப்புக்குள் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங்கைப் போல் சவ்வை எதிர்த்துத் தள்ளுகிறது. கப் சிறியதாக இருந்தால் அந்த ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். காற்று அழுந்தும்போது உண்டாகும் சூட்டைப் பஞ்சின் இழைகள் வாங்கிக்கொள்வதால் ஸ்பிரிங் சற்றுத் தளர்ந்து, கப் உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாக இருப்பதுபோல் நடந்துகொள்ளும். ஆகவே நீங்கள் கேட்டது மனப்பிரமை இல்லை என்றே நினைக்கிறேன்; நான் முதன்முதலில் பஞ்சு வைத்தபோதும் பேஸ் கூடியதாகத்தான் கேட்டது.

5 பிப்ரவரி 2023, காலை 7.05

நேற்று ஓர் அளவைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பஞ்சினால் கப் பெரிதாவதுபோல் தோன்றுவதற்கு இயற்பியல் வைத்திருக்கும் உச்சவரம்பு 1.4 மடங்கு, காற்றின் இரண்டு வெப்ப ஏற்புத்திறன்களின் (அழுத்தம் மாறாதபோது ஒன்று, பருமன் மாறாதபோது ஒன்று) விகிதம் அது. நடைமுறையில் அதற்கு வெகு கீழேதான் நிற்கும். அமுக்கி அமுக்கி அடைத்தால் பஞ்சுக்குள் காற்று நகர வழியில்லாமல் போய், டிரைவரின் முதுகை ஒட்டி இன்னொரு சுவரை எழுப்பியதைப் போலாகிவிடும். எனவே இன்னும் அதிகமாக அடைக்க வேண்டாம்.

5 பிப்ரவரி 2023, இரவு 10.20

எவ்வளவு வைப்பது என்பதைவிட எங்கே வைப்பது என்பதுதான் பெரிய கேள்வி. இதை நான் வெகு தாமதமாகப் புரிந்துகொண்டேன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

என் கப்பின் உட்புற ஆழம் 22 மி.மீ., அகலம் 70 மி.மீ. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது என்று கொண்டால், எந்த அதிர்வெண்ணின் அரை அலைநீளம் 22 மி.மீ. ஆகிறதோ அது சுமார் 7,800 ஹெர்ட்ஸ், 70 மி.மீ.க்கு அதே கணக்கு 2,450 ஹெர்ட்ஸ். கப்புக்குள் ஒலி சுவருக்குச் சுவர் நின்று ஆடுவது இந்த இரண்டு இடங்களுக்கு அருகிலும் அவற்றுக்கு மேலும்தான். 100 ஹெர்ட்ஸின் அலைநீளம் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர்; உள்ளங்கையில் அடங்கும் கப்புக்குள் அது எதிரொலிக்க இடமே கிடையாது. 'பேஸ் எதிரொலியை அடக்கப் பஞ்சு வைத்தேன்' என்று யாராவது எழுதினால், அவர் கேட்ட மாற்றம் உண்மையாக இருக்கலாம், சொல்லும் காரணம் உண்மையாக இருக்க முடியாது.

இனி இடத்துக்கு வருகிறேன். பஞ்சும் ஃபெல்ட்டும் (இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) ஒலியை உறிஞ்ச வேண்டுமானால் அவற்றின் இழைகளுக்கு நடுவே காற்று நகர வேண்டும். சுவரை ஒட்டியிருக்கும் காற்றால் நகர முடியாது, சுவர் தடுக்கிறது. நகர்ச்சி அதிகமாக இருப்பது இரண்டு சுவர்களுக்கும் நடுவில். நான் முதல் ஓராண்டு முழுவதும் 2 மி.மீ. ஃபெல்ட்டை அழகாக வட்டமாக வெட்டிக் கப்பின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தேன். மிகத் துல்லியமாக வெட்டியதில் எனக்கு ஒரு நிறைவும் இருந்தது. காற்று நகராத இடத்தில் ஒட்டியிருந்ததால் அது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அதே எடையுள்ள பஞ்சை உதறி, நெல்லிக்காய் அளவு உருண்டையை உள்ளங்கை அகலத்துக்குத் தளரப் பிரித்து, கப்பின் ஆழம் முழுவதும் நிற்கும்படி வைத்த அன்றுதான் குரலில் இருந்த அந்தத் தகர ஓசை அடங்கியது.

8 பிப்ரவரி 2023, மாலை 5.30

எந்தப் பஞ்சு என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சு ரோல் போதும். இன்றைய தலையணைகளில் வரும் பாலியஸ்டர் பஞ்சும் சரிதான். இலவம் பஞ்சை மட்டும் அப்படியே வைக்காதீர்கள். நான் வைத்துப் பட்டிருக்கிறேன்.

அதன் இழை உள்ளே குழலாக இருப்பது, எடையே இல்லாதது, நீண்ட நாள் அமுங்காமல் நிற்பது. ஒலியை உறிஞ்ச இதைவிடப் பொருத்தமான பொருள் வீட்டில் இருக்காது என்று எண்ணிப் பாட்டியின் பழைய தலையணையிலிருந்து ஒரு பிடி எடுத்து வைத்தேன். ஆனால் அந்த இழைகள் வழவழப்பானவை, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாதவை. இரண்டு வாரம் கழித்து, மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலி தரும் முகமான தொப்பி பேசும் இடங்களில் மட்டும் இடது பக்கத்தில் 'சர்' என்று ஓர் உரசல் கேட்கத் தொடங்கியது. 20 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியைச் சன்னமாக ஓடவிட்டபோது, 90 ஹெர்ட்ஸ் அருகே அந்த உரசல் எழுந்து, தாண்டியதும் மறைந்தது. கப்பைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். டிரைவரின் முதுகிலுள்ள காற்றுத் துளையை மூடியிருந்த மெல்லிய துணி ஓர் ஓரத்தில் எழும்பியிருந்தது. அந்த இடுக்கு வழியாக ஒரே ஓர் இழை, ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட இருக்காது, உள்ளே போய்ச் சவ்வைத் தொட்டுக்கொண்டிருந்தது.

எடுக்கும்போது இரும்பு இடுக்கியைக் கொண்டுபோகாதீர்கள். டிரைவரின் காந்தம் அதைப் பிடுங்கி இழுக்கும். நுனி சவ்வில் குத்தினால் டிரைவரின் கதை அதோடு முடிந்தது. பல் குத்தும் குச்சியின் நுனியில் இரட்டைப் பக்க டேப்பைச் சுற்றி, இழையின் வெளிமுனையைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்தேன். அதன் பிறகு எந்தப் பஞ்சானாலும் மல் துணியில் தளரச் சுற்றியே வைக்கிறேன்.

11 பிப்ரவரி 2023, இரவு 11.50

4-ஆம் தேதி நான் எழுதியதன் கடைசி வரிகளைத் திருத்த வேண்டும். பஞ்சினால் பேஸ் கூடியது என்று நான் மூன்று ஆண்டுகளாக நம்பியது தவறு.

உங்கள் கேள்விக்குப் பிறகு எனக்கே சந்தேகம் வந்து, இந்த மூன்று நாளும் ஒழுங்காகச் சோதித்தேன். இடது கப்பில் மட்டும் பஞ்சு வைத்து, வலது கப்பை வெறுமையாக விட்டேன். ஒரே ஒலி இரண்டு காதிலும் வரும்படி மோனோவில் தம்புராவை ஓடவிட்டு, ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். இரு காதுகளின் கேட்கும் திறன் ஒன்றாக இருக்காது என்பதால் இப்படி மாற்றிப் போடுவது மிக அவசியம். பஞ்சு வைத்த பக்கத்தில் நடு ஒலிகளும் உச்ச ஒலிகளும் தெளிவாக இருந்தன, அதில் ஐயமில்லை. பேஸில் என்னால் எந்த வேறுபாட்டையும் கேட்க முடியவில்லை. மைக் வைத்து அளந்தபோது 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பஞ்சு உள்ள கப்புக்கும் இல்லாத கப்புக்கும் அரை டெசிபெல்கூட வேறுபாடில்லை. என் ஹெட்போனில் சவ்வின் சொந்த விறைப்பும், கப்பில் விட்டிருக்கும் சிறு காற்றுத் துளையும் சேர்ந்து, நான் 1.4 மடங்கு என்று கணக்குப் போட்ட அந்த ஆதாயத்தை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகின்றன.

அப்படியானால் 2020-இல் நான் கேட்ட பேஸ் எங்கிருந்து வந்தது? கப்பைத் திறக்கும் திருகுகள், காதைச் சுற்றி அமரும் மெத்தையான இயர்பேடுக்கு அடியில் இருக்கின்றன. திறக்க வேண்டுமானால் இயர்பேடைக் கழற்ற வேண்டும். மூடியபின் அதை மறுபடி மாட்ட வேண்டும். கழற்றுவதற்கு முன் வலது இயர்பேடின் கீழ் விளிம்பு இரண்டு விரல்கடை நீளத்துக்குப் பள்ளத்திலிருந்து வெளியே வந்திருந்தது. அதை நான் அன்று பார்த்தேன், பொருட்படுத்தவில்லை. திரும்ப மாட்டியபோது விளிம்பு முழுவதும் பள்ளத்தில் உட்கார்ந்தது. காற்று கசியும் வழி அடைபட்டது. பேஸ் வந்தது. நான் பஞ்சைப் பாராட்டினேன்.

இன்று அதைத் திரும்பச் செய்து பார்த்தேன். விளிம்பை அதே அளவுக்கு வெளியே இழுத்துவிட்டு அளந்தால் 60 ஹெர்ட்ஸில் 4 டெசிபெல் குறைகிறது. உள்ளே செருகினால் திரும்ப வருகிறது. மூடிய ஹெட்போனின் பேஸ் முழுவதும் காதுக்கும் சவ்வுக்கும் நடுவே அடைபட்ட காற்றின் அழுத்தத்தில்தான் இருக்கிறது. அந்த அடைப்பில் சிறு இடுக்கு இருந்தாலும் தாழ்ந்த ஒலிகள்தான் முதலில் அதன் வழியே ஓடிப்போகின்றன.

நீங்களும் சோதிக்கலாம். 50 ஹெர்ட்ஸ் ஒலியைச் சன்னமாக ஓடவிட்டு, இரண்டு கப்புகளையும் உள்ளங்கையால் மெதுவாகக் கன்னத்தோடு அழுத்துங்கள். அழுத்தியதும் ஒலி எழும்பினால் காற்று கசிகிறது. எந்தப் பக்கத்தில் என்பதை விரலால் சுற்றிச் சுற்றி அழுத்திக் கண்டுபிடித்துவிடலாம்.

12 பிப்ரவரி 2023, காலை 8.10

இழையைத் தொடங்கியவர் காலையில் எழுதியிருக்கிறார்: பஞ்சு அடைத்த அன்றே, பழைய இயர்பேடின் தோல் உரிந்திருந்ததால் புதிய ஜோடியையும் மாட்டினாராம், அது முக்கியமில்லை என்று நினைத்து முதலில் சொல்லவில்லையாம். அதுதான் முக்கியம். தயவுசெய்து பஞ்சை எடுத்துவிட்டு, புதிய இயர்பேடை மட்டும் வைத்து ஒரு வாரம் கேளுங்கள்.

மூக்குக்கண்ணாடி அணிகிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். தடித்த பிளாஸ்டிக் காம்பு இயர்பேடுக்கு அடியில் போகும் இடத்தில் முக்கோண வடிவில் ஓர் இடுக்கு விழுகிறது. மெல்லிய கம்பிக் காம்புள்ள சட்டத்துக்கு மாறியதில் எனக்குக் கிடைத்த பேஸ், நான் கப்புக்குள் செய்த எந்த வேலையிலும் கிடைக்கவில்லை.

19 பிப்ரவரி 2023, மாலை 4.45

அளப்பது எப்படி என்று கேட்டவர்களுக்கு. சென்னை ரிச்சி தெருவில் தேநீர் விலைக்குக் கிடைக்கும் எலெக்ட்ரெட் மைக் ஒன்று, ஒரு பலகைத் துண்டு, ஒரு பழைய மவுஸ் பேட் ஆகியவை போதும். பலகையில் துளையிட்டு மைக்கின் முகம் மேற்பரப்போடு சமமாக இருக்கும்படி செருகி, மேலே மவுஸ் பேடை ஒட்டி, அதன்மேல் ஹெட்போனின் ஒரு கப்பை வைத்து, தலைவளையத்தின் அழுத்தத்தை ஒரு புத்தகத்தின் எடையால் கொடுக்கிறேன். ரூம் ஈக்யூ விசார்டு என்ற இலவச மென்பொருள் 20 ஹெர்ட்ஸிலிருந்து மேல்நோக்கி ஓர் ஒலியை ஓட்டி வரைகோடு போட்டுத் தருகிறது.

இரண்டு கட்டுப்பாடுகளை நான் மீறுவதில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கப்பை எடுத்து எடுத்து வைத்து ஐந்து முறை அளக்கிறேன். அந்த ஐந்து கோடுகளுக்குள்ளேயே இருக்கும் வேறுபாட்டைவிடப் பெரிய மாற்றத்தை மட்டும் மாற்றம் என்று ஒப்புக்கொள்கிறேன். 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே என் பலகை சொல்லும் எதையும் நம்புவதில்லை; கப்பை 5 மி.மீ. நகர்த்தினாலே அங்கே கோடு தலைகீழாகிறது.

ஹெட்போன் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதற்கு அளவுகோலாகக் கொள்ளும் ஹார்மன் வளைவோடு ஒப்பிடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. ஹார்மன் ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்ட்டியும் 2012 முதல் வெளியிட்ட ஆய்வுகள், நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர்களைக் கேட்பதுபோன்ற ஒலியைத்தான் பெரும்பாலானோர் ஹெட்போனிலும் விரும்புகிறார்கள் என்று காட்டின. அந்த வளைவு செயற்கைக் காது பொருத்திய கருவியில் அளந்தது. மவுஸ் பேடுக்குக் காதுமடலும் இல்லை, காதுக்குழாயும் இல்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்பதை மட்டும் என் பலகை சொல்லும்.

20 பிப்ரவரி 2023, காலை 6.50

கப்பைத் திறந்து மூடியபின் பேஸ் அடியோடு போய்விட்டது, பாடகர் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றி எங்கோ இருக்கிறார் என்று எழுதிய நண்பருக்கு: வயர் அறுந்து சாலிடர் வைத்தேன் என்கிறீர்கள். ஒரு பக்கத்தில் இரண்டு வயர்களும் இடம் மாறியிருக்கின்றன. ஒரு சவ்வு முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகிறது. மாற்றி வைத்தால் சரியாகிவிடும். சாலிடர் முனையை மூன்று நொடிக்கு மேல் வைக்காதீர்கள். அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது தலைமுடியைவிட மெல்லிய கம்பி.

5 மார்ச் 2023, இரவு 9.00

கப்புக்குள் களிமண் ஒட்டலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால், எங்கே பயன்படும் என்பதும் தெரியும்.

வீட்டிலேயே ஹெட்போனை மாற்றியமைப்பவர்கள் இத்தனை ஆண்டுகளாக அதிகம் கைவைத்தது ஃபோஸ்டெக்ஸ் நிறுவனத்தின் டி50ஆர்பி. கண்டிப்பாகச் சொன்னால் அது பாதி திறந்த வகை. முழுதும் மூடியது அதன் தம்பியான டி40ஆர்பி. இரண்டிலும் கூம்புச் சவ்வும் சுருளும் கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மேலேயே செம்புத் தடங்களைப் பதித்து, அதை இரண்டு பக்கக் காந்தங்களுக்கு நடுவே தொங்கவிட்டிருப்பார்கள். 2015-இல் வந்த மூன்றாம் பதிப்பு 50 ஓம். உணர்திறன் 92 டெசிபெல். கப்பின் பிளாஸ்டிக் உட்புறத்தில் பள்ளங்கள் நிறைய இருந்ததால் அவற்றில் மாடலிங் களிமண்ணை நிரப்பினார்கள், மேலே பஞ்சும் ஃபெல்ட்டும் வைத்தார்கள், காற்றுத் துளைகளை டேப்பால் கொஞ்சம் கொஞ்சமாக மூடிப் பேஸை அளந்தார்கள், தடித்த இயர்பேடுகளுக்கு மாறினார்கள். அமெரிக்காவில் டேன் கிளார்க் இந்த வேலையிலிருந்து மேட் டாக் என்ற மாற்றியமைத்த பதிப்பை விற்கத் தொடங்கினார். 2013-இல் வந்த ஆல்ஃபா டாக்கில் பழைய கப்பையே எடுத்துவிட்டு, முப்பரிமாண அச்சில் வார்த்த இரட்டைச் சுவர்க் கப்பைப் பொருத்தினார். சிகாகோவின் இசட்எம்எஃப் நிறுவனமும் இதே டி50ஆர்பியை மாற்றியமைப்பதில் தொடங்கியதுதான்.

இதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. கப்புக்குள் எதையெல்லாம் அடைக்கலாம் என்று ஆண்டுக்கணக்கில் தேடியவர்கள், கடைசியில் அடைப்பதோடு நிற்காமல் கப்பின் வடிவத்தையே மாற்றப் போனார்கள். இணையான இரண்டு சுவர்கள் இருக்கும்வரை பஞ்சுக்கு வேலை தீராது.

6 மார்ச் 2023, காலை 7.30

தொடர்ச்சி. நானும் களிமண் வைத்தேன், ஒரு கப்புக்கு 20 கிராம். நகத்தால் கப்பின் முதுகைத் தட்டினால் முன்பு 'டொக்' என்றது, பிறகு 'தப்' என்றது. அந்த மாற்றத்தைக் கேட்டதும் ஹெட்போனே மாறிவிட்டதாக நம்பத் தோன்றும். ஆனால் தட்டும்போது கேட்பது சுவரின் குரல். பாட்டில் கேட்பது சவ்வின் குரல். என் ஹெட்போனின் கப் ஏற்கெனவே தடித்தது என்பதால் பலகையில் அளந்தபோது கோடு அசையவில்லை, கழுத்து மட்டும் வலித்தது. கப் மெல்லியதாக இருந்து, உரக்கக் கேட்கும்போது விரல் வைத்தால் அதிர்வது தெரிந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

அப்போதும் எண்ணெய் கலந்த களிமண் வேண்டாம். ஒரு மே மாதம் பையோடு காரில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு வந்து பார்த்தேன். களிமண் இளகிச் சரிந்து, டிரைவரின் முதுகுத் துணியில் நகம் அளவுக்கு எண்ணெய் ஊறியிருந்தது. கார் கதவுக்குள் அதிர்வடங்க ஒட்டும் பியூட்டைல் ஷீட் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் சிறு துண்டாகக்கூடக் கிடைக்கும். அது நம் வெயிலைத் தாங்கும்.

18 மார்ச் 2023, மாலை 6.00

'ஈக்வலைசர் இருக்கும்போது எதற்குக் கப்பைத் திறக்க வேண்டும்?' என்ற கேள்வியை இரண்டு நாள் யோசித்தேன். (ஈக்வலைசர் என்பது ஒலியை அதிர்வெண்வாரியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி.) கேட்டவர் பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது.

எங்கோ ஓரிடத்தில் ஒலி மேடாக எழும்பினால், அந்த இடம் சற்று நேரம் கூடுதலாக ஒலித்துக்கொண்டும் இருக்கும். ஈக்வலைசரால் மேட்டை மட்டும்தான் வெட்ட முடியும், அந்த இழுவையை நிறுத்த முடியாது என்று நானும் நெடுநாள் வாதாடியிருக்கிறேன். அது சரியல்ல. ஹெட்போன் பெரும்பாலான அதிர்வெண்களில் நடந்துகொள்ளும் விதத்தில், மேட்டைச் சரியான அகலத்தில் சரியான அளவு வெட்டினால் இழுவையும் கூடவே குறைகிறது. என் ஹெட்போனில் 3,000 ஹெர்ட்ஸ் அருகே இருந்த அகலமான மேட்டை ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருளில் ஒரே வடிகட்டியால் தட்டையாக்கியபோது, கப்புக்குள் பஞ்சை மாற்றி மாற்றி வைத்துப் பெற்றதைவிட நல்ல விளைவு கிடைத்தது.

ஆனால் இரண்டு இடங்களில் ஈக்வலைசர் உதவாது. திரும்பிவரும் ஒலியும் நேர் ஒலியும் ஒன்றையொன்று தின்று உண்டான குறுகலான பள்ளத்தை எவ்வளவு தூக்கினாலும் இரண்டும் சேர்ந்தே தூக்கப்படும், பள்ளம் அப்படியே இருக்கும். அங்கே பஞ்சுதான் மருந்து. காற்றுக் கசிவால் போன பேஸை ஈக்வலைசரால் தூக்கினால், தலையைத் திருப்பும்போதெல்லாம் கசிவின் அளவு மாறி, பேஸ் ஏறி இறங்கும். தேவையில்லாமல் சவ்வும் எல்லைக்குத் தள்ளப்படும். முதலில் இயர்பேட், அடுத்து பஞ்சு, கடைசியில் ஈக்வலைசர் என்ற வரிசையில்தான் நான் இப்போது போகிறேன்.

2 ஏப்ரல் 2023, இரவு 10.10

டிரைவரின் முகத்துக்கு முன்னால் டிஷ்யூ பேப்பர் வைப்பது பற்றி. இரண்டு அடுக்கு டிஷ்யூவைப் பிரித்து ஓர் அடுக்கை மட்டும் வைத்தால் 'ச', 'ஷ' எழுத்துக்களின் கூர்மை சற்று மழுங்கும். இரண்டு அடுக்கும் வைத்தால் வீணையின் மீட்டும் ஓசையும் போய்விடுகிறது. ஓர் அடுக்குக்கு மேல் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டிரைவரைச் சுற்றியுள்ள தட்டில் துணி மூடிய நான்கு துளைகள் என் ஹெட்போனில் இருக்கின்றன. அவற்றில் இரண்டை மருந்துக் கடைப் பேப்பர் பிளாஸ்டரால் மூடியபோது 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை இருந்த வீக்கம் குறைந்து, ஆண் குரல் சுத்தமானது. நான்கையும் மூடியபோது ஒலி மெலிந்து வறண்டுபோனது. இதில் எல்லா மாடல்களுக்கும் ஒரே விடை இல்லை. ஒரு துளை, ஒரு நாள் என்று மூடிப் பாருங்கள்.

எதைக் கேட்டு முடிவு செய்கிறேன் என்று கேட்டவருக்கு: மிருதங்கத்தைக் கேட்டு. வலது முகமான வலந்தலையின் நடுவே பூசியிருக்கும் கரணை, தோலின் மேல்சுரங்களை (அடிச்சுரத்தோடு சேர்ந்து எழும் உயர்ந்த ஒலிகளை) முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவருகிறது என்று சி. வி. ராமன் 1920-லேயே எழுதினார். சாதாரணப் பறையில் மேல்சுரங்கள் சிதறிக் கிடக்கும், ஒன்று துருத்தினாலும் காதுக்குப் பிடிபடாது. மிருதங்கத்தில் அவை சுருதியோடு சேர்ந்து நிற்பதால், ஹெட்போன் ஏதோ ஒரு பகுதியைத் தூக்கிக் காட்டினால் 'தீம்' என்ற சொல் உடனே சுருதி விலகியதைப் போல் ஒலிக்கிறது. தொப்பியின் கும்கி என்ற ஆழ்ந்த ஒலி, அடித்தபின் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில் கசிவும் தெரிந்துவிடும். ஒரே கருவியில் இரண்டு சோதனைகள் முடிகின்றன.

3 ஏப்ரல் 2023, காலை 7.15

நேற்றையதில் ஒரு சொல்லைத் திருத்துகிறேன். 'பறையில் துருத்தினால் காதுக்குப் பிடிபடாது' என்று எழுதியது மிகை. பறையை நாள்தோறும் கேட்கும் காதுக்கு அதுவும் பிடிபடும். என் காது மிருதங்கத்தில் பழகியது என்பதே சரி. உங்கள் காது எதில் பழகியதோ அதை வைத்துச் சோதியுங்கள்.

9 ஜூலை 2023, இரவு 8.40

இழையைத் தொடங்கியவர் பஞ்சை எடுத்துவிட்டு ஐந்து மாதமாகக் கேட்கிறார். பேஸ் அப்படியே இருக்கிறதாம், குரல் மட்டும் சற்றுத் தகரமாகிவிட்டதாம். பஞ்சைத் திரும்ப வையுங்கள், இந்த முறை துணியில் சுற்றி, தளர்வாக.

என் பக்கத்திலிருந்து ஓர் அளவு. பிப்ரவரியில் மாட்டிய என் புதிய இயர்பேடுகள் அன்று 21 மி.மீ. உயரம், கோடையின் வியர்வைக்குப் பிறகு இன்று காதுக்குப் பின்பக்கம் 16, முன்பக்கம் 18 மி.மீ. டிரைவர் காதை நெருங்கியதால் பலகையில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே 2 டெசிபெல் எழும்பியிருக்கிறது. அந்த மேட்டுக்காக நேற்று மாலை முழுவதும் பஞ்சைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தேன். ஸ்கேலை எடுத்து இயர்பேடை அளந்தபிறகுதான் நிறுத்தினேன். பஞ்சைப் பழையபடி வைத்துவிட்டேன். புதிய ஜோடிக்குச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் மாட்டுவதற்கு முன்பே உயரத்தை அளந்து இங்கே எழுதுகிறேன்.